தோட்டக்கலை படிக்க எந்தக் கல்லூரி?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் கூடப் போனாலும் பொறுத்துக்கோங்க. விஷயம் நம்ம பிள்ளைகள் படிப்பு.

உங்க குழுத் தீர்மான நோட்டை எடுத்துப் புரட்டிப் பாருங்க. முன்னாடி உள்கடன் எதுக்கு வாங்கினோம்? காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு, ஓடு மாத்துறது, கறவை மாடு. இப்ப மே, ஜூன் மாசப் பக்கத்தைப் பாருங்க. காலேஜ் பீஸ், காலேஜ் பீஸ்னு வரிசையா வரும். அதுல சில வருஷமா விவசாயப் படிப்பு, தோட்டக்கலைப் படிப்புன்னும் எழுதுறாங்க. எனக்கு அது சந்தோஷம்தான். ஆனா கேட்கும்போது, "எந்தக் காலேஜ் அக்கா?"ன்னா, "நோட்டீஸ் கொடுத்துட்டுப் போனாங்க, பக்கத்துலதான் இருக்கு, பஸ் வீட்டு வாசலுக்கே வருதாம்" என்கிறாங்க. நாலு வருஷப் படிப்பை பஸ் வருதா இல்லையான்னு பார்த்து முடிவு பண்றோம். அதைப் பத்தித்தான் பேச வந்தேன்.

முதல்ல இது என்ன படிப்புன்னு சொல்லிடுறேன். பி.எஸ்சி. ஹானர்ஸ் தோட்டக்கலை என்பது நாலு வருஷப் பட்டப்படிப்பு, எட்டு செமஸ்டர். பழம், காய்கறி, பூ, மிளகு ஏலம் மாதிரி வாசனைப் பயிர், காபி தேயிலை மாதிரி மலைத்தோட்டப் பயிர், மூலிகை, இது எல்லாம் தோட்டக்கலை. நெல், சோளம், பருத்தி, கடலை எல்லாம் வேளாண்மைப் படிப்பில் முக்கியமா வரும். நிறையப் பேர் வேளாண்மை கிடைக்கலைன்னாத்தான் தோட்டக்கலைன்னு நினைக்கிறாங்க. எனக்கு அந்த நினைப்பில் உடன்பாடு இல்லை. நம்ம பக்கம் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட், ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட், சிறுமலை வாழை, முருங்கை, கொய்யா, திராட்சை. நாம விடிய நாலு மணிக்கு எந்திரிச்சுப் பறிக்கிற மல்லிகை மொட்டு தோட்டக்கலைதானே? இந்த மாவட்டத்துப் பொம்பளைங்க கையில் இருக்கிறதே இந்தத் தொழில்தான். நம்ம பிள்ளை அதைப் பட்டமா படிச்சா என்ன குறைச்சல்?

"மண்ணுல வேலை செய்யறதுக்கு எதுக்கு நாலு வருஷம்?"னு எங்க ஊர்ல ஒரு பெரியம்மா கேட்டாங்க. விருப்பாச்சி வாழையும் சிறுமலை வாழையும் எப்படி அழிஞ்சு போச்சுன்னு அவங்களுக்கே தெரியும். இலை எல்லாம் உச்சியில் கொத்தா நின்னுபோகும், தார் விடாது. முடிக்கொத்து நோய்னு பேரு. அது வைரஸால் வருது, அதைப் பரப்புறது வாழையில் இருக்கிற அசுவினிப் பூச்சி. நோய் வந்த மரத்தில் இருந்து பக்கக்கன்று எடுத்து நட்டா, நோயையும் சேர்த்து நடுறோம். கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் ஆய்வுக்கூடத்துல வைரஸ் இல்லாத திசையை எடுத்து, திசு வளர்ப்புக் கன்றா உண்டாக்கி, மலைக்குத் திரும்பக் கொடுத்தாங்க. அந்த ரெண்டு வாழைக்கும் 2008-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கன்றை நடுறது நமக்குத் தெரியும். எந்தக் கன்றை நடக்கூடாதுன்னு கண்டுபிடிக்கிறதுக்குத்தான் படிப்பு. மண், பூச்சி, நோய், விதை உற்பத்தி, அறுவடைக்கு அப்புறம் கெடாம வைக்கிறது, விலைக் கணக்கு, எல்லாம் வரும். உயிரியல், வேதியியல் நல்லா வரணும்.

அதனால 11-ஆவதில் குரூப் எடுக்கும்போதே யோசிக்கணும். உயிரியல் இருக்கிற அறிவியல் குரூப் எடுத்தா இந்தக் கதவு திறந்திருக்கும். வேளாண்மைத் தொழிற்பிரிவு படிச்ச பிள்ளைகளுக்கும் தனியா இடம் ஒதுக்குறாங்க. வணிகவியல் எடுத்த பிறகு அழுது பிரயோஜனம் இல்லை. இன்னொண்ணு, தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் இதுக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். இதையே தெரியாம, "நீட் எழுதலையே"ன்னு விட்டுட்ட பிள்ளைகள் எங்க ஊர்லயே இருக்கு.

சரி, எந்தப் பல்கலைக்கழகம்?

தமிழ்நாட்டில் முக்கியமா தெரிஞ்சிருக்க வேண்டியது கோயம்புத்தூர்ல இருக்கிற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1971-ல் பல்கலைக்கழகம் ஆச்சு. அங்கே காலேஜ் இருந்தது அதுக்கும் ரொம்ப முன்னாடியே. பேர் கோயம்புத்தூர்னு இருக்கிறதால கோயம்புத்தூர்லதான் போய்ப் படிக்கணும்னு நினைச்சுக்கிறோம். அப்படி இல்லை. பல்கலைக்கழகம் ஒண்ணு, அதன் கீழ் கல்லூரிகள் பல ஊர்ல இருக்கு. தோட்டக்கலைக்குன்னே கோயம்புத்தூர்லயும், தேனி மாவட்டம் பெரியகுளத்திலயும், திருச்சி பக்கம் நாவலூர் குட்டப்பட்டுலயும் அரசுக் கல்லூரி இருக்கு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூர்லயும் சில வருஷத்துக்கு முன்னாடி தொடங்கினாங்க. இது போக, அந்தப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு வாங்கின தனியார் கல்லூரிகளும் இருக்கு. விண்ணப்பம் ஒண்ணே ஒண்ணுதான், கம்ப்யூட்டர்ல போடுறது. எல்லாக் கல்லூரிக்கும் அதுலயே வரிசை கொடுக்கணும்.

சிதம்பரத்துல அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கினது. அங்கேயும் வேளாண்மைப் புலத்தில் தோட்டக்கலைப் பட்டம் இருக்கு. இப்ப சமீப வருஷங்களில் கோயம்புத்தூர் விண்ணப்பத்தோட சேர்த்தே அதுக்கும் கேட்டாங்க. வருஷா வருஷம் மாத்துவாங்க, அதனால அந்த வருஷத்து அறிவிப்பை வாசிச்சுடணும்.

பெரியகுளத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும். உங்க வீட்டுக் கொல்லையில் இருக்கிற செடிமுருங்கை, விதைப் பாக்கெட்ல பி.கே.எம். 1 என்று போட்டிருக்கும் பாருங்க. பி.கே.எம். என்றால் பெரியகுளம். அந்தக் கல்லூரியிலதான் அந்த ரகத்தைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க. அதே மாதிரி கோ என்று போட்டு நம்பர் போட்டிருந்தா கோயம்புத்தூர். நாம எத்தனையோ வருஷமா இந்தக் கல்லூரிகளோட விதையைத்தான் போட்டுக்கிட்டு இருக்கோம், பேர் தெரியாமலே. திண்டுக்கல்ல இருந்து வத்தலக்குண்டு வழியா பஸ் ஏறினா பெரியகுளம் போயிடலாம். சுத்தி மா, வாழை, திராட்சை, மேலே மலையில் காபி, மிளகு. ஒரு தோட்டக்கலைக் கல்லூரிக்கு அதைவிட நல்ல இடம் வேணுமான்னு எனக்குத் தோணும். நம்ம ஊர்ப் பக்கம்னு சொல்றேன்னு நினைச்சாலும் பரவாயில்லை.

திருச்சியில் இருக்கிறது மகளிர் தோட்டக்கலைக் கல்லூரி. முழுக்கப் பெண் பிள்ளைகள். "பொட்டப்பிள்ளையை வெளியூர்ல எப்படி விடுறது"ன்னு மாமியார், மாமனார், சித்தப்பா எல்லாரும் கூடி நிற்கிற வீட்டில் இந்த ஒரு பேரைச் சொன்னா பாதிச் சண்டை அடங்கிடும். வாழைக்குன்னே இருக்கிற மத்திய அரசோட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் திருச்சி தாயனூர்லதான் இருக்கு. வாழை பயிரிடுற குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேணும்?

கோயம்புத்தூர்ல படிச்சா பல்கலைக்கழகம் முழுசும் அங்கேயே இருக்கும். நூலகம், பெரிய ஆய்வுக்கூடம், மேற்படிப்புப் படிக்கிற அக்காமார், எல்லாம் ஒரே இடத்தில். மார்க்கும் கூடக் கேட்கும். தமிழ் வழியிலும் அங்கே தோட்டக்கலை தொடங்கியிருக்காங்க. இதுல எனக்கு ரெண்டு மனசுதான். தமிழில் படிச்சா பாடம் நல்லாப் புரியும். மத்த இடத்தில் எல்லாம் இங்கிலீஷ்தான். நம்ம அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் செமஸ்டர்ல திணறும். ஆனா ரெண்டாவது வருஷம் வரும்போது சமாளிச்சிடுதுங்கன்னு படிச்ச பிள்ளைகளே சொல்லுது. மேற்படிப்புக்கு வடநாடு போகணும்னு ஆசை இருந்தா இங்கிலீஷ்ல படிக்கிறது உதவும். இதைப் பிள்ளைகிட்டயே விட்டுடுங்க.

வெளி மாநிலத்திலும் தோட்டக்கலைக்குன்னே பல்கலைக்கழகம் இருக்கு. கர்நாடகாவில் பாகல்கோட்ல 2008-ல் தொடங்கினாங்க. இமாச்சலப் பிரதேசத்தில் சோலன் பக்கம் 1985-ல் இருந்து ஒண்ணு நடக்குது, ஆப்பிள் ஊர் அது. அதுக்கெல்லாம் கியூட் என்ற அகில இந்தியத் தேர்வு எழுதணும். நல்லாப் படிக்கிற பிள்ளையா இருந்தா எழுதிப் பார்க்கட்டும். நம்ம ஊர் வெயில்ல வளர்ற பயிரைப் படிக்க நம்ம பக்கமே போதும்னுதான் நான் சொல்வேன்.

இனித் தனியார் கல்லூரி. இதுலதான் நம்ம பணம் போகுது, அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

தனியார் என்றாலே மோசம்னு நான் சொல்ல வரலை. கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகத்தோட இணைப்பு வாங்கின தனியார் கல்லூரின்னா, பாடம், பரீட்சை, பட்டம் எல்லாம் அந்தப் பல்கலைக்கழகம் கொடுக்கிறதுதான். அதிலும் கலந்தாய்வு மூலமா இடம் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேருறது வேற, கலந்தாய்வில் சேருறது வேற. இதுல சேராம, தானே பல்கலைக்கழகம்னு பேர் வச்சுக்கிட்டு நடத்துற இடங்களும் இருக்கு. அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தோட அங்கீகாரம் இருக்கா?" ஐ.சி.ஏ.ஆர். என்பாங்க. டெல்லியில் இருக்கு. யாருக்கு அங்கீகாரம், எந்த வருஷம் வரைக்கும்னு அவங்க இணையதளத்திலேயே பட்டியல் இருக்கு. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படிச்சா பட்டம் கையில் இருக்கும், மேற்படிப்புக்குப் போகும்போது வாசல்ல நிக்க வேண்டி வரலாம். "விண்ணப்பிச்சிருக்கோம், சீக்கிரம் வந்துடும்"னு சொன்னா, வந்த பிறகு வாரோம்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துடுங்க.

ரெண்டாவது, நிலம். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். வழவழன்னு இருக்கிற நோட்டீஸ்ல என்ன போட்டிருக்குன்னு நமக்குப் புரியாமப் போகலாம். ஆனா ஒரு தோட்டத்தைப் பார்த்தா அது உழைச்ச தோட்டமா, படம் எடுக்க வச்ச தோட்டமான்னு நமக்குத் தெரியாதா? காலேஜுக்குப் போனா ஆபீஸ் ரூம்ல ஏ.சி.யில் உட்கார வைப்பாங்க. ஜூஸ் கொடுப்பாங்க. குடிச்சுட்டு, "தோட்டத்தைக் காட்டுங்க"ன்னு கேளுங்க. கிணறு, போர் எங்கே இருக்கு, சொட்டுநீர்க் குழாய் ஈரமா இருக்கா, இல்லை வெயில்ல வெடிச்சுக் கிடக்கா? மல்லிகைச் செடி இருந்தா கவாத்து பண்ணியிருக்காங்களா, இல்லை காடா வளர்ந்து நிக்குதா? நிழல்வலைக் கூடத்துக்குள்ளே நாத்து இருக்கா, உடைஞ்ச நாற்காலி இருக்கா? ஒட்டுக்கன்று கட்டுறாங்கன்னா தாய்மரம் எதுன்னு கேளுங்க. கன்று, நாத்து வெளியாட்களுக்கு விக்கிறாங்களா? விக்கிற இடத்தில் வேலை நடக்கும், பிள்ளைகளும் செஞ்சு பழகும். நிலம் காலேஜோட சொந்தமா, குத்தகையா? அதையும் கேட்டா தப்பில்லை. அப்பா கேட்கலைன்னா நீங்க கேளுங்க. பறிக்கிறதும் களை எடுக்கிறதும் நாமதானே.

பக்கத்து ஊர்க் குழுவில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்றேன். பேரும் ஊரும் வேண்டாம், காலேஜ் பேரும் வேண்டாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்கே ஒரு தனியார் காலேஜ்ல இருந்து ஆள் வந்தாச்சு. "சீட் முடியப்போகுது, இன்னைக்கே அட்வான்ஸ் கட்டுங்க"ன்னு. குழுவில் உள்கடன் எடுத்து, பத்தாததுக்குக் காதுல கிடந்ததை அடகு வச்சுக் கட்டிட்டாங்க. டி.சி., மார்க் சீட் எல்லாம் அசலா வாங்கி வச்சுக்கிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு அந்தப் பிள்ளைக்குக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரியில் இடம் வந்தது. அசலைக் கேட்டா, முழு வருஷப் பீஸைக் கட்டிட்டு வாங்கிக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. அலைஞ்சு, அழுது, ஊர்ப் பெரிய மனுசங்களைக் கூட்டிக்கிட்டுப் போய், கடைசி நாளுக்கு முதல் நாள் சர்டிபிகேட் கைக்கு வந்தது. அட்வான்ஸ் பணம் இன்னும் முழுசா வரலை. கடன் வட்டி மட்டும் மாசா மாசம் நோட்டில் ஏறிக்கிட்டு இருக்கு.

அசல் சான்றிதழைக் காலேஜ் வச்சுக்கக் கூடாது, சரிபார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடணும், இடத்தை விட்டுட்டா விதிப்படி பணத்தைத் திருப்பணும்னு யு.ஜி.சி. 2018-லேயே அறிவிச்சிருக்கு. இந்த விவரம் அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு ஆபீஸ்ல நின்னு பேசியிருப்பாங்க. தெரியாததால அழுதாங்க. நகல் கொடுங்க, அசலைக் காட்டிட்டுக் கையோட வாங்கிட்டு வந்துடுங்க.

செலவு விஷயத்துக்கு வாரேன். பிள்ளை ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படிச்சிருந்தா, 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. டாக்டர் படிப்புக்கு மட்டும்தான் அதுன்னு நிறையப் பேர் நினைக்கிறோம். 2021-ல் சட்டம் போட்டு, இன்ஜினியரிங், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் கொண்டு வந்தாங்க. அந்த ஒதுக்கீட்டில் கலந்தாய்வு மூலமா சேருற பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசாங்கமே கட்டுது. அக்கா, இதை ரெண்டு தடவை சொல்றேன், அரசாங்கமே கட்டுது. அந்தப் பிள்ளைக்கு நாம எதுக்கு உள்கடன் எழுதணும்?

அந்த ஒதுக்கீட்டில் வரலைன்னாலும் வழி இருக்கு. வீட்டில் யாரும் டிகிரி படிக்கலைன்னா முதல் பட்டதாரிச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் எழுதிக் கேட்டு வாங்கணும், கலந்தாய்வில் சேர்ந்தவங்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் படிச்ச பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய், 2022 செப்டம்பரில் இருந்து கொடுக்கிறாங்க. இது பஸ்ஸுக்கும், நோட்டுக்கும், வயல்ல போட்டுக்கிற ஷூவுக்கும் ஆகும்.

அதுக்கு மேலயும் தேவைப்பட்டா வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. சார் இங்கேயே இருக்காங்க, தலையாட்டுறாங்க பாருங்க. அப்பா அம்மா சேர்ந்து கையெழுத்துப் போட்டா போதும். பல வங்கிகளில் பெண் பிள்ளைக்கு வட்டியில் கொஞ்சம் குறைக்கிறாங்க. படிப்பு முடிஞ்ச பிறகுதான் தவணை தொடங்கும். நம்ம உள்கடன் அடுத்த மாசமே தவணை கட்டணும். எதுக்கு எதை எடுக்கிறதுன்னு இருக்கு இல்லையா? விண்ணப்பக் கட்டணம், போய்வர பஸ் செலவு, பெட்டி, பாய், தட்டு வாங்குறதுக்கு உள்கடன் சரி. நாலு வருஷப் பீஸுக்கு அது தாங்காது.

சான்றிதழ் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி, பள்ளியில் படிச்சதுக்கான சான்று, எல்லாம் ஏப்ரல்லயே வாங்கி வச்சிடுங்க. ரிசல்ட் வந்த பிறகு மே மாசம் இ-சேவையில் நிக்கிற வரிசை ரேஷன் கடையை விட நீளம்.

எங்க குழுவில் ஒரு அக்காவுக்கு மாமியார் படுத்த படுக்கை, அதனால அவங்க மகளோட கலந்தாய்வு வேலைக்கு நான் கூடப் போனேன். ஒட்டன்சத்திரத்தில் கம்ப்யூட்டர் சென்டர்ல உட்கார்ந்து கல்லூரி வரிசை போட்டோம். அப்பத்தான் எனக்கே இது புரிஞ்சது. நாம போடுற வரிசைதான் எல்லாம். மேலே இருந்து கீழே பார்த்துக்கிட்டே வரும். நம்ம மார்க்குக்கு எது முதல்ல காலியா இருக்கோ அதைக் கொடுத்துடும். கீழே நல்ல காலேஜ் இருந்தாலும் அதுக்குப் போகாது. அந்தப் பிள்ளையோட அப்பா போன்ல, "பக்கத்துல இருக்கிறதை முதல்ல போடு"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தார். பக்கத்துல இருந்தது ஒரு தனியார் கல்லூரி. சென்டர்ல இருந்த தம்பி நல்ல பிள்ளை, "அண்ணே, கட்டணம் எவ்வளவுன்னு பார்த்தீங்களா?"ன்னு அவர்கிட்டயே கேட்டான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெரியகுளம், திருச்சி, கோயம்புத்தூர், அப்புறம் மத்த அரசுக் கல்லூரி, கடைசியாத் தனியார்னு போட்டோம். கிடைச்சது திருச்சி. இப்ப ரெண்டாவது வருஷம் படிக்குது. போன பொங்கலுக்கு வந்தப்ப எங்க வீட்டுக் கொய்யாவைப் பார்த்துட்டு, "சித்தி, இது மாவுப்பூச்சி, எறும்பை முதல்ல தடுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. எறும்புதான் அந்தப் பூச்சியைக் கிளைக்குக் கிளை தூக்கிட்டுப் போகுதாம். இத்தனை வருஷம் எறும்பு பூச்சியைத் தின்ன வருதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

கடைசி வருஷம் கிராமத்தில் தங்கிப் படிக்கிறது என்று ஒரு பாடம் இருக்கு. உங்களுக்கே தெரியும். நம்ம ஊர் மந்தையில் கோலப்பொடியால ஊர் வரைபடம் போட்டுக்கிட்டு, ஓடை எங்கே, கோயில் எங்கேன்னு நம்மகிட்டயே கேட்டுக்கிட்டு, ஒரே மாதிரி உடுப்புப் போட்டுக்கிட்டுப் பிள்ளைகள் வந்தாங்களே, அவங்கதான். அன்னைக்கு நாம கோலத்தைத்தான் பார்த்தோம். அந்த இடத்தில் நம்ம பிள்ளை நிக்கலாம்னு யாருக்கும் தோணலை.

படிச்சா வேலை கிடைக்குமான்னு கேட்பீங்க. தோட்டக்கலை அலுவலர் வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, அதுக்குத் தோட்டக்கலைப் பட்டம் கேட்பாங்க. நம்ம பிளாக் ஆபீஸ்ல சொட்டுநீர் மானியத்துக்குப் போய் நிக்கிறோமே, அந்த நாற்காலிதான். வங்கியில் வேளாண் அதிகாரி வேலைக்கும் இந்தப் பட்டம் செல்லும். சொந்தமாச் செய்யணும்னா, வேளாண் படிச்சவங்களுக்குன்னு மத்திய அரசுத் திட்டம் 2002-ல் இருந்து இருக்கு, 45 நாள் பயிற்சி கொடுத்துக் கடனுக்கு வழி பண்ணுது, பெண்களுக்கு 44 சதவீத மானியம். நாத்துப்பண்ணை வைக்கலாம், மண் பரிசோதனை பண்ணலாம். இதெல்லாம் தானா வீட்டுக்கு வராது, போட்டி இருக்கு. இருந்தாலும் அங்கீகாரம் உள்ள பட்டம் இருந்தாத்தான் அந்தப் போட்டிக்கே போக முடியும்.

பட்டத்துக்கு மார்க் வரலையா? ரெண்டு வருஷ டிப்ளமோ இருக்கு, பிளஸ் டூ முடிச்சுச் சேரலாம். உதவித் தோட்டக்கலை அலுவலர் வேலைக்கு அதைத்தான் கேட்கிறாங்க. அங்கீகாரம் இல்லாத நாலு வருஷத்தை விட அங்கீகாரம் உள்ள ரெண்டு வருஷம் மேல் என்பது என் அபிப்பிராயம்.

தலைவி அக்காவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் ரெண்டு கோரிக்கை வச்சு முடிச்சுக்கிறேன். ஒண்ணு, இனிமேல் படிப்புக்குன்னு பெரிய தொகை கேட்டு மனு வந்தா, கலந்தாய்வு முடிஞ்சு இட ஒதுக்கீட்டு ஆணை இருக்கா, இல்லைன்னா அந்தக் காலேஜோட அங்கீகாரக் கடிதம், நாலு வருஷ மொத்தக் கட்டணம் எழுத்தில் இருக்கா என்று பார்த்துட்டுக் கொடுக்கணும்னு தீர்மான நோட்டில் எழுதணும். சிலருக்குக் கோபம் வரும். எங்க பிள்ளை படிப்பைத் தடுக்கிறீங்களான்னு கேட்பாங்க. கேட்கட்டும். நகையை வச்சுட்டு அழும்போது கூட நிக்கிறதுக்கு இது பரவாயில்லை.

இன்னொண்ணு, மே மாசம் ரிசல்ட் வர்ற வாரத்தில் ரெண்டு நாள் கூட்டமைப்பு ஆபீஸைப் பிள்ளைகளுக்காகத் திறந்து வைக்கணும். கம்ப்யூட்டர் இருக்கு. இப்ப காலேஜ்ல படிக்கிற நம்ம உறுப்பினர் பிள்ளைகள் லீவுல இருப்பாங்க, அவங்களை உட்கார வைக்கலாம். டீ செலவு எங்க குழு ஏத்துக்குது. பிளஸ் டூ எழுதுற பிள்ளை இருக்கிற அக்காமார் இன்னைக்குப் போறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற நோட்டில் பேர் எழுதிட்டுப் போங்க.